சாரோட செல்லம்

“அந்த அத்தியாயமா சார்? நான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது. அவளுக்கு எழுதவெல்லாம் வராது. ஏதோ தேறும், அவ்வளவுதான்.”

சட்டத்துறைப் பேராசிரியர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே செல்லத்தின் குரல். வெளியே ஆய்வேட்டை அணைத்துக்கொண்டு நின்ற இளையவளுக்கு இரண்டு காதும் சுட்டன.

அடிப்பாவி! திருத்தினாளாமே! விடுமுறை முழுக்க, தூக்கத்தைத் தொலைத்து எழுதியது. அதில் ஒரு கால்புள்ளிகூட செல்லம் வைத்ததில்லை.

செல்லம் என்பது அவளுடைய பெயரில்லை. முதுகுக்குப் பின்னால் துறையே வைத்த பட்டம். இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவிகள். செல்லம் மூத்தவள்.

பேராசிரியரும் லேசுப்பட்டவர் இல்லை. சட்டவிரோதக் காவல் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் வாதாடி வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர்.

“எதுக்குப் பிடிச்சேன்னு சொல்லு, எப்போ விடுவேன்னு சொல்லு. ரெண்டும் சொல்ல மாட்டேன்னா அது காவல் இல்ல, கடத்தல்!” என்று மேசையைத் தட்டுவார். வகுப்பு கைதட்டும். ‘விடுதலை சார்’ என்றால்தான் பல்கலைக்கழகத்தில் தெரியும்.

அப்படிப்பட்டவர் பக்கத்தில் எப்போதும் செல்லம். நீதிமன்றத்துக்குப் போனால் காரில் செல்லம். பத்திரிகைப் படத்தில் அவர் தோளுக்குப் பின்னால் செல்லம். “இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது” என்று மேடையிலேயே சொல்லுவார்.

இளையவள் இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வாங்கியது ஒரு ‘ம்’. உப்புக்குச் சப்பாணி. ஒரே ஒரு முறை அந்தக் காரில் நான் ஏறக் கூடாதா என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தாள்.

இன்று காலையில்தான் அவர் பார்வை இவள் பக்கம் திரும்பியது. சார் அவளுடைய அத்தியாயத்தை எடுத்து, நின்றபடியே நாலைந்து பக்கம் படித்துவிட்டு, “மத்தியானம் வா, பேசணும்” என்றார். அப்போதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

சாமி வரம் கொடுக்கிற நேரத்தில் பூசாரி குறுக்கே விழுந்துவிட்டாள்!

செல்லம் வெளியே வந்தாள். இளையவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

உள்ளே சார் நிமிரக்கூட இல்லை.

“ஆய்வேடா? கொடு.” கையெழுத்துப் போட்டார். “போதும்மா, சமர்ப்பிச்சிடு. எங்கேயாவது ஒரு வேலை கிடைக்கும்.”

“சார், பேசணும்னு சொன்னீங்களே...”

“அதுவா? ஒண்ணுமில்ல. போயிட்டு வா.”

இரண்டே நிமிஷத்தில் ஆளைத் துடைத்து வெளியே வைத்துவிட்டார்.

நேரே ஆய்வு மாணவர் அறைக்குப் போனாள் இளையவள். செல்லம் அச்சுக்குப் போகவிருந்த தாள்கட்டு ஒன்றில் குனிந்து, சிவப்புப் பேனாவால் வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“நான் எழுதினதை உங்க கைவேலைன்னு சொல்ல எப்படிக்கா மனசு வந்துச்சு?”

“கையெழுத்துப் போட்டாரா?”

“நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.”

“போட்டாரா இல்லையாடி?”

“போட்டாரு.”

“தேதி?”

“போட்டாரு! என்ன, குறுக்கு விசாரணையா?”

செல்லம் மூச்சை விட்டாள். “அப்பாடா. இன்னைக்கே அலுவலகத்துல கொடுத்துடு. நாளைக்குன்னு வைக்காதே.”

“ரொம்பத்தான் அக்கறை! நான் கிளம்பிட்டா போட்டிக்கு ஆளில்ல பாருங்க.” இளையவள் ஆய்வேட்டை மேசைமேல் பொத்தென்று வைத்தாள். “காரு உங்களுக்கு, மேடை உங்களுக்கு. எனக்குன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அதையும் பிடுங்கிட்டீங்களே? இந்தத் தாளைக்கூட உங்ககிட்டதானே தர்றாரு. இது சார் எழுதின புதுப் புத்தகம்தானே?”

“சார் பேர்ல வர்ற புத்தகம்.”

“புரியல.”

“புரியாம இருக்கிறதே நல்லது.” செல்லம் சிரித்தாள். “போன புத்தகமும் அப்படித்தான்.”

இளையவள் நம்பவில்லை. திருடியவளுக்குக் கதை கட்டவா தெரியாது?

“அப்போ உங்களுக்கென்னக்கா குறை? பட்டத்தைத் தட்டுல வெச்சுக் கொடுப்பார்.”

“என் ஆய்வேடு எப்பவோ முடிஞ்சுதுடி. நீ இங்கே சேர்றதுக்கு முன்னாடியே. அவரோட அலமாரியில இருக்கு. ‘படிச்சிட்டிருக்கேன்’னு சொல்றார். என்ன குறைன்னு கேட்டா சொல்றதில்ல. எப்போ கையெழுத்துன்னு கேட்டா, ‘உனக்கென்னம்மா அவசரம், நீ நம்ம வீட்டுப் பொண்ணு’ன்னு சிரிக்கிறார். கைக்கு வந்த ரெண்டு வேலை போயிடுச்சு. எதிர்த்துக் கேட்டா மூணாவதும் வராது.”

இளையவள் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அதுக்கும்... என் அத்தியாயத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?”

செல்லம் அடுத்த தாளைப் புரட்டினாள்.

“‘இந்தப் பொண்ணும் பிரமாதமா எழுதுது, உன்னை மாதிரியே இதையும் கூட வெச்சுக்கலாம்’னு காலையில சொன்னார்டி. அதான், உனக்கு எழுத வராதுன்னு சொல்லி உன்னை வெளியில எடுத்தேன்.”