மறைந்த தலைப்பு

முதலிபாளையம் பனியன் கம்பெனியில் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. முதலாளி லிங்கசாமி இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, டெய்லர் இசக்கிமுத்துவை அடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இருபது, இருபத்தஞ்சு பீஸ்தான் சேதம் பண்ணியிருக்காங்க. உன் பேருக்கு நேரா மட்டும் அம்பத்தெட்டு! வேணுமின்னே கிழிச்சியாடா?"

"இல்லய்யா, நான் ஒண்ணயும் கிழிக்கல."

பெல்ட்டின் கொக்கி பட்டு உதடு பிளந்தது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடா?"

"சத்தியமா இல்லய்யா..."

நெஞ்சில் உதை விழுந்தது. இசக்கிமுத்து துணிக்கட்டின் மேல் சரிந்தார். அடுத்த உதைக்குக் கால் உயர்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆமாய்யா, நான்தான் கிழிச்சேன். வேணும்னுதான் கிழிச்சேன்."

உயர்ந்த கால் கீழே இறங்கியது. சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து கீர்த்தனா ஓடி வந்தாள். அந்த எக்ஸெல் பட்டியலைத் தயாரித்தவள் அவள்தான்.

"சார், நீங்க எந்தக் கட்டத்தப் பாத்தீங்க? வந்து காட்டுங்க."

லிங்கசாமி ஆபீஸுக்குள் போய்த் திரையில் அந்த ஐம்பத்தெட்டின் மேல் விரலை வைத்தார்.

"கீழ எறக்குனா தலைப்பெல்லாம் மேல போயி மறைஞ்சுக்குதுங்க" என்றபடி அவள் பட்டியலின் உச்சிக்குப் போய், தலைப்பை நிறுத்திவைக்கும் ஃப்ரீஸ் பேன்ஸை அழுத்தி, மறுபடி இறக்கினாள். இம்முறை தலைப்பு வரிசை அசையாமல் நின்றது.

'சேதம்' என்பதன் கீழே இசக்கிமுத்துவுக்கு சைபர். ஐம்பத்தெட்டுக்கு மேலே இருந்த தலைப்பு, 'வயது'.

லிங்கசாமி மெல்லத் திரும்பி வந்து இசக்கிமுத்துவிடம் கேட்டார்.

"அப்பறம் ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?"

இசக்கிமுத்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"இல்லன்னு சொல்லச் சொல்ல அடிச்சீங்கய்யா. ஆமான்னதும் நிறுத்திட்டீங்க."