ஆற்றின் பழைய தடம்

அன்று என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: இரு நாட்டு சர்வேயர்கள், மர வியாபாரி, அவர் மகன், என் மகள், நான்.

இரு நாடுகளும் உரிமை கொண்டாடும் நிலம் எங்களுடையது. ஆற்றின் பழைய தடம்தான் அதன் எல்லை. உள்ளே இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. வீட்டை விற்கவும் முடியாது. என் வீடு உள்ளே, வியாபாரியின் மாடிவீடு வெளியே.

போன மாதம் எங்கள் பிள்ளைகளின் நிச்சயத்தை முறித்தபோது அவர் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டார்: "நாடே இல்லாத வீட்டுல எப்படிண்ணே பொண்ணு எடுக்கறது?"

என் மகள் தலை குனிந்தாள். நான் குனியவில்லை.

"பெரியவரே, வெள்ளத்துக்கு முன்னாடி ஆறு எங்க ஓடுச்சு?" என்றார் ஒரு சர்வேயர். "பார்த்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

வியாபாரி முந்திக்கொண்டார். "எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுலதான். அண்ணனே முன்னாடி எழுதிக் குடுத்திருக்காரு."

நான் கையை நீட்டிக் காட்டினேன். "இல்ல. இவரு மாடிவீட்டுக்கு அந்தப் பக்கம்."

இரு சர்வேயர்களும் வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள். வியாபாரியின் மகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என் வீடும் உள்ள போயிடுமே."

"வாங்க. உள்ள இடம் நிறைய இருக்கு."

பழிவாங்க நான் பொய்ச்சாட்சி சொன்னதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பொய்ச்சாட்சி சொன்னது இருபது வருடங்களுக்கு முன்பு, மாடிவீட்டு மனையை வாங்கிய புதிதில் அவர் என் காலைப் பிடித்து அழுததற்காக. இந்த முறை சொன்னது உண்மை.