ஓடைக்கரைப்பட்டியில் தீ

“ஓடைக்கரைப்பட்டியில தீ. தெக்குத்தெருக் குடிசைக. சீக்கிரம் வண்டிய அனுப்புங்க.”

பெண் குரல். ரகசியம் சொல்வது மாதிரி இருந்தது.

“பேரு சொல்லுங்கம்மா. எங்கிருந்து பேசுறீங்க?”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

கிறிஸ்துராஜ் திண்டுக்கல் தீயணைப்பு நிலையத்தில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்குத்தான் முதல் நாள். என்ன எரியுது, எங்கே எரியுது, யார் பேசுறது என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை. அதற்காகக் குடிசை எரியாமல் இருக்குமா? மணியை அடித்தான். எரியோடு ஊருக்குப் போகும் ரோட்டில் வண்டி பறந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பிய டிரைவர் நாச்சிமுத்து, தொப்பியைக் கழற்றி மேஜை மேல் எறிந்தார்.

“ஏலே அப்பு, அங்க தீயும் இல்ல, திரியும் இல்ல. சனம் பூரா களையெடுக்கப் போயிருச்சு. ரெண்டு கோழிதான் மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதையாச்சும் புடிச்சாந்திருக்கலாம்.”

நிலையமே சிரித்தது.

மூன்றாம் நாள், பகல் பதினோரு மணி. அதே குரல், அதே ஊர். மறுபடி மணி அடித்தான். மறுபடி ஒன்றுமில்லை.

“பொம்பளக் குரல் கேட்டாப் போதும், இவன் கை தானா மணிக்குப் போயிருது” என்றார் நாச்சிமுத்து. “டவுன்ல சனம் குடிக்கத் தண்ணியில்லாமக் குடத்தோட நிக்குது. நாம டேங்க் நெறயத் தண்ணியத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போயிட்டு வாரோம்.”

ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை.

“நீ இன்னும் நிரந்தரம் ஆகல. அந்த ஊருக்கு இன்னொரு தடவ வீணா வண்டி போச்சுன்னா, மறுநாள் நீ வேலைக்கு வர வேணாம்.”

கிறிஸ்துராஜுக்கு முகம் சுண்டிப்போனது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே போய்க் கெஞ்சிக் கேட்டதில், போன் வந்த வீடு தெரிந்தது. பண்ணையார் பொன்னுத்துரை வீடு! ஓடைக்கரைப்பட்டியில் பாதி நிலம் அவருடையது. குடியிருப்பதோ டவுனில், மாடி வீட்டில்.

மறுநாள் அவனுக்கு லீவு. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அந்த மாடி வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது பண்ணையாரின் மனைவி சண்முகவள்ளி. கழுத்து நிறைய நகை.

“யாரு தம்பி, என்ன வேணும்?”

அதே குரல்தான்.

“பயர் ஸ்டேஷன்லருந்து வாரேன். போன் பண்ணுனது நீங்கதானே?”

அவள் சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தாள். “மெதுவாப் பேசுங்க.”

“எதுக்கு மெதுவா? பெரிய வீட்டுல உக்காந்து திங்கிறவங்களுக்குப் பொழுது போகலேன்னா தாயம் உருட்டணும். எங்க வண்டிய உருட்டக் கூடாது! உங்க வெளையாட்டுல என் வேல போகப் போகுது.”

அவளுக்குக் கோபம் வரவில்லை.

“வண்டி போனப்ப அங்க எதுவும் எரிஞ்சுச்சா?”

“எரியலம்மா! அதத்தானே சொல்றேன்!”

“நல்லவேள” என்றாள்.

பணம் இருந்தால் இப்படியும் ஒரு திமிரா! இன்னும் நாலு வார்த்தை கேட்க அவன் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து பண்ணையாரின் சத்தம் வந்தது.

“கூலியில அரைப்படி நெல்லு கூடுதலாக் கேட்ட பயலுக குடிசையக் கொளுத்துங்கடான்னா, ரெண்டு தடவயும் மண்ணெண்ண டின்னத் தெறக்காமலே வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

“நாங்க என்னங்கய்யா செய்யிறது? தீக்குச்சியக் கிழிக்கிறதுக்கு முன்னாடியே செகப்பு வண்டி வந்து நிக்குது.”

“நாளைக்கு முடிச்சாகணும். ஆமா!”

கிறிஸ்துராஜ் கதவோரமாக ஒதுங்கினான்.

“போலீசுக்குச் சொல்லலாமேம்மா…” என்றான், இப்போது மெதுவாக.

“ஏட்டய்யா உள்ளதான் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. இப்பத்தான் ரெண்டாந்தடவ கறி வாங்குனாரு.” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “நெசமாவே வேல போயிருமா தம்பி?”

அவன் படியிறங்கினான். சைக்கிள் வரைக்கும் போனான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். பிறகு திரும்பி வந்து கேட்டான்:

“நாளைக்கு எத்தன மணிக்கும்மா தீப்பிடிக்கும்?”