எடுக்கிற மாதிரி

தீவைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கக் கூடாதென்று வனத்துறைக்காரர்கள் பலகை நட்டபோது, முங்குவதற்குப் போடும் கண்ணாடியையும் அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்டு அவள் எத்தனையோ முறை அவர்கள் அலுவலக வாசலில் நின்றாள். இப்போது கூலிக்குக் கருவாடு காயப்போடுகிறாள். நேற்று மத்தியானம், சுற்றுலாப் படகு ஓட்டும் ரூபன் அதே கண்ணாடியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம்.

“அக்கா, ஐப்பசி லீவுக்குச் சென்னையிலேருந்து ஆளுக வாராக. நம்ம பொம்பளைக எப்படிப் பாசி எடுத்தாகன்னு பாக்கணுமாம். முங்கிக் காட்டுங்க.”

“முங்குனா பிடிப்பாகளே.”

“எடுத்தாத்தான் பிடிப்பாக. எடுக்குற மாதிரி செஞ்சா தப்பில்ல. முன்ன மாதிரி விரல்ல துணியும் சுத்திக்கிருங்க. போட்டோவுல அதுதான் அழகு.”

பையிலிருந்து பச்சை பிளாஸ்டிக் பாசியை உதறி எடுத்தான். மீன்தொட்டிக் கடையில் வாங்கியதாம். அதைக் கடலுக்கடியில் கல்லில் கட்டிவைப்பானாம். அம்மா அதைப் பறித்து மேலே தூக்கிக் காட்டிவிட்டு, திரும்ப அங்கேயே வைக்க வேண்டுமாம்.

அம்மா கண்ணாடியைத் தொடவில்லை. “மாமாவுக்குத் தட்டு வை” என்றாள் என்னிடம்.

“பசிக்கலக்கா.”

“உக்காருப்பா.”

உட்கார்ந்தான். அம்மா அந்தப் பாசியைக் கழுவி, அரிவாள்மனையில் பொடியாக நறுக்கித் தட்டில் போட்டாள். அதன்மேல் மீன்குழம்பைச் சூடாக ஊற்றினாள். ரூபன் சிரித்துப் பார்த்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

அம்மா கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள்.

“சாப்பிடுற மாதிரி செய்யி. வயித்துக்குள்ள போக வேண்டாம். நாங்க பாக்குறோம்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தேன்.