தலை கொண்டவன்

பழைய செங்கல் கோயிலைப் பிரித்துவிட்டுக் கருங்கல்லில் எழுப்பிக்கொண்டிருந்தாள் அரசி. அங்கே நின்ற பழைய கற்களில் பொறித்திருந்த கொடைச் செய்திகளை எல்லாம் ஒன்று விடாமல் புதிய சுவரில் மறுபடியும் வெட்ட வேண்டும் என்பது அவள் ஆணை. ஒரு கல்லின் முன்னால் மட்டும் கற்றச்சன் குணவன் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"இது வேண்டாம் தாயே. இந்த ஊரைப் பகைவன் பிடிச்சிருந்தப்ப, அணையா விளக்கு நெய்க்குன்னு ஆடு விட்டு வெட்டி வச்ச கல்லு."

"அந்த விளக்கு இப்ப எரியுதா?"

"எரியுது. அந்த மந்தை நெய்தான்."

"அப்ப வெட்டு."

குணவன் தலை குனிந்தான்.

"முதல் வரியில அவன் பட்டம் இருக்கு தாயே. நம்ம அரசரோட பேரைச் சொல்லி, போர்ல அவர் தலையைக் கொண்டவன்னு."

அரசி கல்லருகே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் சுண்ணாம்புத் தூசியைத் துடைத்தாள். எழுத்தெழுத்தாக நகர்ந்த அவள் விரல், பகைவனின் பட்டத்துக்குள் இருந்த கணவனின் பெயரில் வந்து நின்றது. வெகுநேரம் அவள் அதை எடுக்கவில்லை.

"பட்டத்தையும் சேர்த்தே வெட்டு," என்றாள். "இந்தப் பேரை மட்டும் கொஞ்சம் ஆழமா வெட்டு."