எரிக்காத ஆறு தாள்கள்

"எல்லாத்தையும் எரிச்சிட்டியா?"

குசினி வாசலில் நின்று ஷரிபுதீன் மாஸ்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். "ஓம், எல்லாம் சாம்பலாப் பெய்த்து" என்று சொல்லிவிட்டு, புகை கண்ணில் பட்டவள் போல ஹாஜறா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலியாணம் முடித்துப் பதினைந்து வருடத்தில் புருசனுக்கு அவள் சொன்ன முதல் பொய் அது.

மாஸ்டருக்கு ஒரு பைத்தியம். ஒரு நாட்டில் ஆட்சி மாறியதும் பழைய நோட்டின் மேலேயே புதிய பெயரையோ முத்திரையையோ அச்சடித்து விடுவார்களாம். அப்படி அச்சு மேல் அச்சு விழுந்த நோட்டுகளை உலகமெல்லாம் எழுதிப் போட்டு எடுத்துச் சேர்ப்பார். ஒருநாள் தூசு தட்டுகிற நேரம் ஒரு நோட்டு அவள் கையில் மடிந்துபோனதற்கு மூன்று நாள் கதைக்கவில்லை. "மடிப்பு விழுந்தா நோட்டு மவுத்து, உசிர் போனதுதான்" என்பார்.

அந்த மனிசன்தான் இன்றைக்கு எரிக்கச் சொன்னார். நேற்று அடுத்த ஒழுங்கையில் இருக்கிற மசூரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன ஆமிக்காரர் இன்னும் திருப்பி விடவில்லை. கல்முனை முழுக்கச் சுற்றிவளைப்பு என்று கதை.

"முத்திரை குத்தின சல்லியக் கண்டா இயக்கத்துக்குச் சேத்த சல்லி எண்டுதான் சொல்லுவாங்க, புள்ள. ஆர்க்கிட்டப் போய் விளங்கப்படுத்துற?"

நாற்பது நோட்டுகளுக்கு மேல் அடுப்பில் போட்டாள். கை எங்கும் நிற்கவில்லை. கடைசி ஆறு நோட்டில்தான் நின்றது.

நாலு ஈரானுடையவை. மன்னரின் முகத்தை மறைத்துப் பூவேலை அச்சடித்திருந்தது. இரண்டு, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கென்று பாகிஸ்தான் அச்சடித்துக் கொடுத்தவை. ஆறிலும் அரபெழுத்துகளான அலிபும் லாமும் மீமும் அவளைப் பார்த்தன. அந்த எழுத்துள்ள தாள் தெருவில் கிடந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைக்கிற ஊரில் பிறந்தவள், அதை எப்படி நெருப்பில் போடுவாள்? அலுமாரிக்கு மேலே குர்ஆனைச் சுற்றியிருந்த துணிக்குள் ஆறையும் செருகிவிட்டாள்.

ஜீப் சத்தம் கேட்டது. மாஸ்டர் சுவரோடு சாய்ந்துவிட்டார். ஹாஜறா அலுமாரியின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். சத்தம் வாசலைக் கடந்து போய்ச் சந்திப் பக்கம் ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் கடப்படியில் ஆள் கூப்பிட்டது. குடையும் துணிப்பையுமாக ஒரு மெலிந்த மனிதர்.

"ஷரிபுதீன் மாஸ்டர்ர வீடுதானே? நான் கிறிஸ்ரோபர், திருகோணமலை."

மாஸ்டரின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. கிறிஸ்ரோபர் ஆறு வருடமாகக் கடிதத்தில் மட்டும் பழகிய சிநேகிதர். ஒருவருக்கொருவர் நோட்டு மாற்றிக்கொண்டதுதான், முகம் பார்த்ததில்லை. இரண்டு மாதமாக அவரிடமிருந்து கடிதமும் இல்லை.

"காச்சல்ல கெடந்தன்" என்றார் வந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டை எடுத்து விரித்தார். பாகிஸ்தான் நோட்டின் மேல் பங்களாதேஷ் என்று சீல் குத்தியிருந்தது. "உங்களுக்கெண்டு கொண்டந்தன்."

மாஸ்டர் அதன் மடிப்புகளைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார். சிநேகிதர் என்றால் இதையும் பொறுத்துக்கொள்கிறாரே என்று ஹாஜறா நினைத்துக்கொண்டாள்.

"எங்க உங்கடத? ஒருக்காப் பாப்பம்."

"எரிச்சிட்டம்" என்றார் மாஸ்டர். "பயத்தில எல்லாத்தையும் எரிச்சிட்டம்."

"ஒண்டுகூட மிஞ்சல்லியா? ஈரான் நோட்டு நாலு இருக்கெண்டு எழுதினீங்களே."

மாஸ்டர் தலையை ஆட்டினார். வாய் கோணி, குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். உம்மா மவுத்தானபோதும் இப்படி அழாத மனிசன். ஹாஜறாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தன் பொய் இப்போது நன்மையாகத்தான் வந்து முடிகிறது என்று அவளுக்குப் பட்டது.

உள்ளே போய் முகம் கை கால் கழுவி வுளு எடுத்துக்கொண்டு வந்து, துணியை அவிழ்த்து ஆறு தாளையும் எடுத்தாள். கொண்டுவந்து புருசன் முன்னால் வைத்தாள்.

"இஞ்சாருங்க, அழாதீங்க. அரபெழுத்து இருந்திச்சி. எனக்கு எரிக்க மனம் வரல்ல."

மாஸ்டர் அழுதபடியே சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்தான் நோட்டுகளை முதலில் எடுத்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆறு இருக்கு" என்றார். பிறகு ஆறையும் ஒன்றாக அடுக்கி, நடுவால் மடித்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மாஸ்டரின் பிடி ஹாஜறாவின் கையில் இறுகியது.

வந்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கடப்படி வரை நடந்தார். சந்தியில் நின்ற ஜீப்பின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

"சேர், இருக்கு, வாங்க."