நீலக் கதவு

அந்நிய நகரத்தின் சுவரோவியங்களைச் சுற்றிப்பார்க்கும் கூட்டத்தில் தச்சரும் மனைவியும் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வரவில்லை. காணாமல்போன மகன் கடைசியாக அனுப்பிய படத்தில் இருந்த சுவரைத் தேடி வந்திருந்தார்கள்.

சுவர் கிடைத்தது. அதில் வரைந்த நீலக் கதவு; கதவடியில் வரைந்த ஒரு ஜோடி செருப்பு.

"நம்ம பையன் செருப்பு. வார் அறுந்தப்ப நான்தாங்க தைச்சுக் கொடுத்தேன்" என்றாள் மனைவி. சிவப்பு நூல்கூடத் தெரிந்தது.

"இருபது வருஷத்துக்கு முந்தி வரைஞ்ச சுவர். அப்புறம் யாரும் தொடல" என்றார் வழிகாட்டி.

மகன் அனுப்பிய படத்தில் செருப்பு இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. இப்போது மூடி, வெளியே தாழ் போட்டிருந்தது.

"சாதாரணத் தாழ்ப்பாள்தான்டி. இழுத்தா வந்துடும்" என்றார் தச்சர்.

கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. எத்தனையோ கதவுகள் செய்த விரல்கள், வழவழப்பான சுவரில் வழுக்கிக்கொண்டே இருந்தன.